கொலஸ்ட்ரால் நார்மல்... ஆனா தொப்பை இருக்கா? சுகர் வருவதற்கு முன்பே ரத்தக் கொழுப்பு தரும் எச்சரிக்கை

லேப் ரிப்போர்ட் கையில் வந்ததும் பலரும் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: டோட்டல் கொலஸ்ட்ரால். அது 200-க்குக் கீழே இருந்துவிட்டால், "நமக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்று பேப்பரை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் அதே பேப்பரில் இரண்டு வரி தள்ளி இருக்கும் ட்ரைகிளிசரைடும், எச்.டி.எல்-லும் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கலாம். கூடவே பேன்ட் இடுப்பும் இறுகிக்கொண்டே போனால், அது சர்க்கரை நோய் வாசலுக்கு வந்துவிட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம்.

ரத்தக் கொழுப்பு, தொப்பை, சர்க்கரை நோய் இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு? ஆறுமுகநேரி போன்ற உப்பளத்து ஊர்களில் இருப்பவர்கள் இதில் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• இந்தியர்களிடம் அதிகம் காணப்படும் கொழுப்புக் கோளாறு, கெட்ட கொலஸ்ட்ரால் கூடுவது இல்லை. நல்ல கொலஸ்ட்ரால் குறைவதும், ட்ரைகிளிசரைடு கூடுவதும்தான்.
• இந்த இரண்டும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்போடு சேர்ந்தே வருகின்றன. சர்க்கரை நோய்க்கும் இதே வழிதான்.
• ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதைத் தொட்டுவிட்டால் கவனம் தேவை.
• எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது. தட்டில் குவியும் சோறு, புரோட்டா, சீனியையும் பார்க்க வேண்டும்.

லிப்பிட் புரொஃபைல்: எந்த வரி என்ன சொல்கிறது?

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் உடல் கொழுப்பைப் புரத உறையில் பொதிந்து, சின்னச் சின்ன பார்சல்களாக ரத்தத்தில் அனுப்புகிறது. லேப் ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல்., எச்.டி.எல்., வி.எல்.டி.எல். எல்லாம் அந்த பார்சல்களின் பெயர்கள்தான். கீழே இருக்கும் அளவுகள் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

• டோட்டல் கொலஸ்ட்ரால்: எல்லா பார்சலிலும் உள்ள கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை. 200-க்குக் கீழே இருப்பது நல்லது.
• எல்.டி.எல்.: 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படுவது இதுதான். ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்கும். பொதுவாக 100-க்குக் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களுக்கு இன்னும் குறைவான இலக்கை டாக்டர் சொல்வார்.
• எச்.டி.எல்.: 'நல்ல கொலஸ்ட்ரால்'. ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறைந்தால் பிரச்னை.
• ட்ரைகிளிசரைடு: உடல் சேமித்து வைக்கும் எரிபொருள் கொழுப்பு. 150-க்குக் கீழே நார்மல். 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200-க்கு மேல் அதிகம். 500-ஐத் தாண்டினால் கணையத்தில் அழற்சி வரும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.
• நான்-எச்.டி.எல்.: டோட்டல் கொலஸ்ட்ராலில் இருந்து எச்.டி.எல்-ஐக் கழித்தால் வருவது. 130-க்குக் கீழே இருப்பது நல்லது. ரிப்போர்ட்டில் போடாவிட்டாலும் நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

டோட்டல் கொலஸ்ட்ராலை மட்டும் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல கொலஸ்ட்ரால் குறையும்போது கூட்டுத்தொகையும் குறைந்துவிடும். அதாவது, உடலுக்கு நல்லது இல்லாத ஒரு மாற்றம் நடக்கும்போதே ரிப்போர்ட் 'நார்மல்' என்று காட்டும்.

தமிழ்நாட்டில் நிலவரம் என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வுதான் இந்த விஷயத்தில் நாட்டின் பெரிய ஆய்வு. 2008 முதல் 2020 வரை, கிராமம், நகரம் என இரண்டிலும் 1,13,043 பேரிடம் நடத்தப்பட்டது. 2023-ல் வெளியான முடிவுகள் இவை:

• சர்க்கரை நோய் உள்ளவர்கள்: 11.4 சதவீதம். எண்ணிக்கையில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர்.
• சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் (ப்ரீ-டயபெட்டிஸ்) இருப்பவர்கள்: 15.3 சதவீதம். சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர்.
• வயிற்றுப் பருமன்: 39.5 சதவீதம்.
• ஏதாவது ஒரு வகை ரத்தக் கொழுப்புக் கோளாறு: 81.2 சதவீதம்.

கடைசி எண்ணைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஐந்தில் நான்கு பேருக்கு லிப்பிட் புரொஃபைலில் ஏதோ ஒரு வரி சரியில்லை.

அது எந்த வரி? இதே ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 2,042 பேரின் ரத்தக் கொழுப்பு அளக்கப்பட்டது. 2014-ல் வெளியான அந்த முடிவில், எல்.டி.எல். கூடுதலாக இருந்தவர்கள் 11.8 சதவீதம் மட்டுமே. ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தவர்கள் 72.3 சதவீதம்!

ஆக, பெரும்பாலானோர் பயப்படும் 'கெட்ட கொலஸ்ட்ரால்' இந்தப் பட்டியலில் பின்னால் இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத எச்.டி.எல்-லும் ட்ரைகிளிசரைடும்தான் முன்னால் நிற்கின்றன. (எல்.டி.எல். முக்கியம் இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. மாரடைப்பைப் பொறுத்தவரை அதுதான் முதல் எதிரி.)

கை கால் ஒல்லி... வயிறு மட்டும் ஏன்?

"நான் குண்டே இல்லையே, எனக்கு எப்படி சுகர்?" என்ற கேள்வி நம்மூரில் அடிக்கடி கேட்கும். இதற்கான பதிலை இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே வைத்துக் காட்டினார்கள்.

ஒருவர் புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை, அதாவது பி.எம்.ஐ., ஒரே அளவுதான்: 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லி. ஆனால் உடல் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004-ல் 'லான்செட்' இதழில் இருவரின் படத்தோடும் இது வெளியானது.

ஒரே எடையிலும் இந்தியர்களுக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும். அந்தக் கொழுப்பும் தொடை, இடுப்பைவிட வயிற்றில் சேரும். இதனால்தான் தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு, ஐரோப்பியர்களைவிட குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2005-ல் சொன்ன அளவு: ஐரோப்பிய ஆண்களுக்கு 94 செ.மீ., தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. பெண்களுக்கு 80 செ.மீ.

தொப்பையில் இருந்து ரத்தத்துக்கு: உள்ளே என்ன நடக்கிறது?

வயிற்றில் இரண்டு இடத்தில் கொழுப்பு சேரும். கையால் பிடித்தால் மடிப்பாக வருவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆபத்தானது, குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே சேரும் கொழுப்பு. கையில் பிடிபடாமல், வயிறு கெட்டியாக முன்னால் தள்ளி நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்து நடப்பது ஒரு சங்கிலி:

1. உள்கொழுப்பில் இருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்துகொண்டே இருக்கும். இதைத் தடுத்து வைப்பது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. உடல் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போகும்போது, அதாவது 'இன்சுலின் எதிர்ப்பு' வரும்போது, கசிவு கூடும்.

2. குடல் பகுதி ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகும். அதனால் அங்கே கசியும் கொழுப்பும் கல்லீரலில் போய் இறங்கும். நாம் அதிகமாகச் சாப்பிடும் மாவுச்சத்தையும் சீனியையும்கூட கல்லீரல் கொழுப்பாக மாற்றும். இரண்டும் சேர்ந்து கல்லீரல் கொழுப்பு நோய்க்கு வழி போடும்.

3. தாங்க முடியாத கல்லீரல், கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் தள்ளும். ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு ஏறுவது இப்படித்தான்.

4. ட்ரைகிளிசரைடு நிறைந்த பார்சல்கள் நல்ல கொலஸ்ட்ராலோடு சரக்கை மாற்றிக்கொள்ளும். அப்படி மாறிய எச்.டி.எல். ரத்தத்தில் அதிக நாள் நிற்காது, சீக்கிரம் அழிந்துவிடும். நல்ல கொலஸ்ட்ரால் குறைவதற்குக் காரணம் இது. எல்.டி.எல். துகளும் சிறிதாகவும் அடர்த்தியாகவும் மாறும். எண்ணிக்கை கூடியிருந்தாலும், ரிப்போர்ட்டில் அளவு சாதாரணமாகவே தெரியலாம்.

5. கொழுப்பு சேர்ந்த கல்லீரல், இன்சுலின் 'போதும்' என்று சொன்னாலும் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் சுகர் ஏறுவது இதனால். கணையமும் ஈடுகட்ட இன்சுலினை அதிகமாகச் சுரந்து சுரந்து, ஒரு கட்டத்தில் சோர்ந்துவிடும். அந்த நிலையில் வருவதுதான் டைப் 2 சர்க்கரை நோய்.

ட்ரைகிளிசரைடு ஏறுவதும், எச்.டி.எல். இறங்குவதும் மூன்றாம், நான்காம் படியிலேயே தெரிந்துவிடும். சுகர் ஏறுவது ஐந்தாம் படி. இடையில் பல வருடங்கள் இருக்கலாம். எச்சரிக்கையைப் பயன்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரம் அதுதான்.

பாத்தியில் இருந்து நாற்காலிக்கு

திருச்செந்தூர் தாலுகாவில் உள்ள ஆறுமுகநேரி, உப்புக்குப் பெயர் போன ஊர். உப்பளத்தில் பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது, சுமப்பது எல்லாம் வெயிலில் உடம்பை முறிக்கும் வேலை. அந்த வேலைக்கு மூன்று வேளைச் சோறும் எரிந்துபோகும். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடையும் அது இழுத்துக்கொள்ளும்.

அடுத்த தலைமுறையில் பலர் பாத்தியில் இல்லை. கம்பெனி ஆபீஸ், கடைக் கல்லா, லாரி ஸ்டியரிங், கம்ப்யூட்டர் முன்னால் என்று உட்கார்ந்த வேலைக்கு மாறிவிட்டார்கள். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. காலை இட்லி தோசை, மதியம் சோறு, சாயங்காலம் சீனி போட்ட டீயோடு வடை, ராத்திரி புரோட்டா சால்னா. அப்பா எரித்த கணக்குக்கே மகனும் சாப்பிட்டால், மிச்சம் வயிற்றில்தான் சேரும்.

உப்பளத் தொழிலாளர்களும் இதில் இருந்து முழுசாகத் தப்பிவிட முடியாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பு உற்பத்தி நின்றுவிடும். உடல் உழைப்பு நின்ற அந்த மாதங்களில் சாப்பாட்டு அளவு அப்படியே இருந்தால் இடுப்பும் ட்ரைகிளிசரைடும் ஏற வாய்ப்பு உண்டு. வயது ஏறி வேலையை விட்டவர்களுக்கும் இதே கணக்குதான். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரத் தொடங்கும். அதனால் 45 வயதைத் தாண்டிய பெண்கள் எடையோடு இடுப்பையும் அளந்து பார்ப்பது நல்லது.

இடுப்பை எப்படி அளப்பது?

பேன்ட் சைஸ் கணக்கில் வராது. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுபவர்களுக்கு 34 சைஸ் பேன்ட்டும் சேரும், 100 செ.மீ. வயிறும் இருக்கும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும்.

• காலையில், சாப்பிடுவதற்கு முன் அளக்கவும்.
• கால்களைச் சேர்த்து நேராக நிற்கவும். வயிற்றை எக்கக் கூடாது.
• கடைசி விலா எலும்புக்கும், இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றவும். சட்டை, புடவை மேல் வைக்காதீர்கள்.
• டேப் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தோலை இறுக்கக் கூடாது.
• சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நேரத்தில் அளவைப் பாருங்கள்.

90 செ.மீ. என்பது ஏறத்தாழ முப்பத்தைந்தரை அங்குலம். 80 செ.மீ. என்பது முப்பத்தொன்றரை அங்குலம். இன்னொரு எளிய கணக்கும் உண்டு: இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 164 செ.மீ. உயரம் என்றால் இடுப்பு 82-க்குள் இருப்பது நல்லது.

ஒரு ரிப்போர்ட்டைப் படித்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 42. உப்பு கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. இடுப்பு 96 செ.மீ. அவருடைய ரிப்போர்ட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

• டோட்டல் கொலஸ்ட்ரால்: 178
• எல்.டி.எல்.: 100
• எச்.டி.எல்.: 32
• ட்ரைகிளிசரைடு: 230
• வெறும் வயிற்றில் சுகர்: 104

டோட்டல் 178, நார்மல். எல்.டி.எல். கிட்டத்தட்ட சரி. சுகர் 126-ஐத் தொடவில்லை, அதனால் 'சுகர் இல்லை'. மேலோட்டமாகப் பார்த்தால் பிரச்னையே இல்லாத மனிதர்.

இப்போது மற்ற வரிகளைப் பாருங்கள். எச்.டி.எல். 40-க்குக் கீழே. ட்ரைகிளிசரைடு 150-க்கு மேலே. நான்-எச்.டி.எல். 178-ல் இருந்து 32 போக 146, அதுவும் கூடுதல். சுகர் 100-க்கு மேல், அதாவது ப்ரீ-டயபெட்டிஸ் வட்டத்துக்குள் வந்துவிட்டது.

இடுப்பு வரம்பைத் தாண்டியவருக்கு ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய நான்கில் ஏதாவது இரண்டு சரியில்லை என்றாலே அதற்கு 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று பெயர். இவருக்கு ரத்த அழுத்தத்தைப் பார்க்காமலேயே மூன்று இருக்கிறது. சர்க்கரை நோய், மாரடைப்பு இரண்டுக்குமே இவருக்கு வாய்ப்பு அதிகம்.

உங்கள் ரிஸ்க் எவ்வளவு? நீங்களே கணக்குப் போடலாம்

ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே சர்க்கரை நோய் ஆபத்தைக் கணிக்க, மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் 2005-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. பெயர் 'இந்திய நீரிழிவு ரிஸ்க் ஸ்கோர்'. நான்கே கேள்விகள்தான்.

வயது:
• 35-க்குக் கீழ்: 0
• 35 முதல் 49: 20
• 50, அதற்கு மேல்: 30

இடுப்பு:
• பெண்கள் 80-க்குக் கீழ், ஆண்கள் 90-க்குக் கீழ்: 0
• பெண்கள் 80 முதல் 89, ஆண்கள் 90 முதல் 99: 10
• பெண்கள் 90-க்கு மேல், ஆண்கள் 100-க்கு மேல்: 20

உடல் உழைப்பு:
• கடின வேலையும் உண்டு, உடற்பயிற்சியும் உண்டு: 0
• இரண்டில் ஏதாவது ஒன்று: 20
• இரண்டும் இல்லை: 30

குடும்பம்:
• பெற்றோர் இருவருக்கும் சுகர் இல்லை: 0
• ஒருவருக்கு உண்டு: 10
• இருவருக்கும் உண்டு: 20

கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக ஆபத்து. 30 முதல் 50 வரை நடுத்தரம். 30-க்குக் கீழ் குறைவு.

நம்முடைய கணக்கு எழுதுபவருக்குப் போட்டுப் பார்ப்போம். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உழைப்பு இல்லாததற்கு 30, அம்மாவுக்கு சுகர் இருப்பதாக வைத்துக்கொண்டால் 10. மொத்தம் 70. வயதையும் பெற்றோரையும் அவரால் மாற்ற முடியாது. ஆனால் தினமும் நடக்க ஆரம்பித்தால் 60 ஆகும். இடுப்பு 90-க்குக் கீழே வந்தால் 50. அதிக ஆபத்தில் இருந்து நடுத்தரத்துக்கு இறங்கிவிடுவார்.

தட்டில் என்ன மாற்றலாம்?

கொழுப்பு கூடிவிட்டது என்றதும் பலர் செய்வது, முட்டை, மீன், எண்ணெயை நிறுத்திவிட்டு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்வது. ட்ரைகிளிசரைடு பிரச்னை உள்ளவர்களுக்கு இது எதிர்விளைவைத் தரும். அதிகப்படியான மாவுச்சத்தைத்தானே கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது!

இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்கள் சாப்பிடும் மொத்த கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்தே வருகிறது என்று அது காட்டியது. தெற்கே அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, தானியங்களில் இருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது.

தூத்துக்குடி பக்கத்துச் சாப்பாட்டை விடாமலே செய்யக்கூடியவை:

• சோறு: முழுசாக விடத் தேவையில்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காய், கீரை, பருப்பு, சுண்டல் வையுங்கள். தட்டில் பாதி காய்கறியாக இருப்பது நல்லது.
• மீன்: சாளை, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில் ஒமேகா-3 இருக்கிறது. ட்ரைகிளிசரைடைக் குறைக்க உதவும். விலையும் கட்டுப்படியாகும். பொரிப்பதைவிட குழம்பாக வைப்பது மேல்.
• கருவாடு: புரதம் உண்டு, உப்பும் ஏராளம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அடிக்கடி சாப்பிட வேண்டாம்.
• கருப்பட்டி: "உடன்குடி கருப்பட்டிதானே, சுகர் ஏறாது" என்பது தவறான நம்பிக்கை. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். சீனிக்குப் பதில் அதே அளவு கருப்பட்டி போட்டால் ரத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பதநீரும் இனிப்புப் பானம்தான்.
• புரோட்டா: மைதாவும் எண்ணெயும் சேர்ந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது இன்னும் மோசம். தினசரி என்பதை எப்போதாவது என்று மாற்றுங்கள்.
• தேங்காய்: சட்னி, குழம்பில் அளவோடு சரி. தேங்காய் எண்ணெயில் நிறை கொழுப்பு அதிகம், எல்.டி.எல்-ஐ ஏற்றும்.
• மது: ட்ரைகிளிசரைடை நேரடியாக ஏற்றும். 500-ஐத் தாண்டியவர்கள் தொடவே கூடாது.

நடந்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. அதற்கான ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த 'இந்திய நீரிழிவு தடுப்புத் திட்டம்' ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவு மாற்றம், தினமும் 30 நிமிட வேக நடை. ஏற்கெனவே உடல் உழைப்பு செய்பவர்களிடம், இருப்பதையே தொடரச் சொன்னார்கள்.

மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்ட பிரிவில் 40.5 சதவீதம். அதாவது நடையும் சாப்பாட்டு மாற்றமும், மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. 2006-ல் இந்த முடிவு வெளியானது. பெரிதாக எடை குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பது இன்னொரு ஆச்சரியம்.

அதனால் "ஒரு மாசம் நடந்தேன், வெயிட் இறங்கல" என்று விட்டுவிட வேண்டாம். எடை காட்டும் மெஷின் நகராவிட்டாலும் தசை, சர்க்கரையை இழுக்கத் தொடங்கியிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதும் உணவுக்குப் பின் ஏறும் சுகரைக் குறைக்கும். இந்தக் கடற்கரையில் வெயில் கடுமை. விடியற்காலையோ, பொழுது சாய்ந்த பிறகோ நடப்பது பாதுகாப்பு.

"கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா சுகர் வருமாமே?"

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் பாதிதான் உண்மை. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் சர்க்கரை நோய் வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன. 13 ஆய்வுகளில் 91,140 பேரின் தகவல்களைச் சேர்த்து 2010-ல் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கு வந்தது. 255 பேருக்கு நான்கு வருடம் ஸ்டாட்டின் கொடுத்தால், ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. ஆனால் அதே மாத்திரை அதைவிட அதிகமான மாரடைப்பு, பக்கவாதங்களைத் தடுக்கிறது.

எனவே இதய நோய், ஸ்டென்ட், பக்கவாதம், சர்க்கரை நோய் இருப்பவர்கள் டாக்டர் எழுதிய ஸ்டாட்டினைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்.

எப்போது டெஸ்ட் எடுக்கணும்? எங்கே?

30 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாக இடுப்பு வரம்பைத் தாண்டியவர்கள், பெற்றோருக்குச் சுகர் இருப்பவர்கள், கர்ப்ப காலத்தில் சுகர் வந்த பெண்கள் ஆகியோர் சுகரோடு லிப்பிட் புரொஃபைலும் பார்த்துவிடுவது நல்லது.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சுகரும் பார்க்கிறார்கள். லிப்பிட் புரொஃபைலுக்கு ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள்.

• ட்ரைகிளிசரைடு சரியாகத் தெரிய 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம்.
• முதல் நாள் கல்யாண வீட்டுச் சாப்பாடு, மது இரண்டும் வேண்டாம். ட்ரைகிளிசரைடு தாறுமாறாக ஏறிக் காட்டும்.
• வெறும் வயிற்றில் சுகர் 100 முதல் 125, அல்லது மூன்று மாத சராசரியான எச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் ப்ரீ-டயபெட்டிஸ். சுகர் 126, எச்.பி.ஏ1சி 6.5, இதைத் தொட்டால் சர்க்கரை நோயா என்று டாக்டர் உறுதி செய்வார்.
• பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருட ரிப்போர்ட்டை வரிசையாக வைத்தால், எந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று டாக்டருக்குச் சட்டென்று புரியும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*தொப்பையே இல்லை, ஆனால் எல்.டி.எல். 190-க்கு மேல். ஏன்?*
இது பரம்பரையாக வரும் கோளாறாக இருக்கலாம். சாப்பாட்டை மாற்றினால் மட்டும் சரியாகாது. குடும்பத்தில் மற்றவர்களும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். டாக்டரைப் பாருங்கள்.

*தைராய்டுக்கும் கொழுப்புக்கும் சம்பந்தம் உண்டா?*
உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். திடீரென்று ஏறியிருந்தால் தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள்.

*வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் தொப்பை குறையுமா?*
வயிற்றுத் தசை உறுதியாகும். உள்கொழுப்பு குறைய, மொத்த உடலும் அசைய வேண்டும். சாப்பாட்டு அளவும் குறைய வேண்டும்.

*எவ்வளவு எடை குறைந்தால் பலன் தெரியும்?*
மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடும் சுகரும் இறங்கத் தொடங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் ஐந்தரை கிலோ.

*எத்தனை மாதத்தில் மறு டெஸ்ட்?*
உணவு, நடை மாற்றத்தின் பலன் ரத்தத்தில் தெரிய சுமார் மூன்று மாதம் ஆகும். அதற்குள் இடுப்பு டேப் முதலில் சொல்லிவிடும். மாதம் ஒருமுறை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. பரிசோதனை முடிவுகள், மாத்திரை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரின் ஆலோசனையோடு மட்டும் எடுக்கவும்.)